வலிப்பு நோயோடு விளையாடுவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஃபிட்ஸ் என்று தெரிந்துவிட்டால் முதலில் பிடுங்கப்படுவது பந்து. அப்புறம் சைக்கிள், அப்புறம் திருவிழா. அதே பிள்ளை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆற்றுக்குக் குளிக்கப் போனால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காவிரிப் படுகையில் இந்தக் கணக்கு தலைகீழாகக் கிடக்கிறது. திடலில் ஓடுவதால் வரும் ஆபத்து சின்னது. தண்ணீராலும் தூக்கம் கெடுவதாலும் வருவதுதான் பெரியது. இந்த இரண்டையும் சமாளிக்கத் தெரிந்துகொண்டால் வலிப்பு உள்ளவர்களும் பெரும்பாலான விளையாட்டுகளை ஆடலாம்.

நான் மன்னார்குடிப் பக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து மாத்திரையும் வாலிபாலும் சேர்ந்தே ஓடுகின்றன. மருத்துவன் இல்லை. ஆகவே இதில் உள்ளதை உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றுவதற்கோ குறைப்பதற்கோ இதைச் சாக்காக வைக்க வேண்டாம்.

உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 100-இல் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்பதும் அதே நிறுவனம் சொல்வது. 1976-77 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, சேப்பாக்கத்திலும் ஜெயித்து, தொடரைக் கைப்பற்றிப் போன இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க் வலிப்பு நோய் உள்ளவர். பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்த தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸும் அப்படித்தான். வீட்டுப் பெரியவர்கள் மறுத்தால் இந்த இரண்டு பெயரையும் சொல்லிப் பாருங்கள். டாக்டர் சொல்லிக் கேட்காத தாத்தாக்கள் கிரிக்கெட்காரர் பெயரைக் கேட்டு இறங்கி வருவதுண்டு.

"மூச்சு வாங்க ஓடினால் வந்துவிடாதா?" என்பது எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை எடுக்கும்போது வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், சிலருக்கு அதில் வலிப்பின் அலைகள் தெரியும். அதிலிருந்து வந்த பயம் இது. ஆனால் படுத்துக்கொண்டு வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. ஓடும்போது தசைகள் அந்த வாயுவை நிறைய உண்டாக்குகின்றன, அதை வெளியேற்றத்தான் மூச்சு வாங்குகிறது. இரண்டும் வேறு வேறு. உடற்பயிற்சியே வலிப்பைத் தூண்டும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகவும் குறைவு. கபடியில் பாடிக்கொண்டே போவதற்கும் இதுதான் பதில்.

படி 1: உங்கள் வலிப்பை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்

எந்த விளையாட்டு என்று முடிவு செய்யும் முன்பு உங்களுக்கு வருவது எந்த மாதிரி வலிப்பு, எந்த நேரத்தில் வருகிறது, முன்கூட்டியே தெரிகிறதா என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாத்திரை தவறியதா, காய்ச்சல் இருந்ததா என்று ஐந்து விஷயம் போதும். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள், சிலருக்கு அந்த நாட்களை ஒட்டி வலிப்பு கூடும். பக்கத்தில் இருந்தவர் போனில் வீடியோ எடுத்திருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். டாக்டருக்கு அது பல சோதனைகளைவிட உதவும்.

தூக்கத்தில் மட்டுமே வருகிறவருக்குப் பகலில் ஆடச் சுதந்திரம் அதிகம். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலவோ, இல்லாத வாசனை வருவது போலவோ, காரணமில்லாத பயமாகவோ சிலருக்கு முன்னறிகுறி வரும். அது எப்போதும் வருமானால், கீழே உட்காரச் சில நொடிகள் கிடைக்கும். எதுவுமே தெரியாமல் விழுகிறவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாடும் வயதில்தான் அது தொடங்குகிறது. காலையில் எழுந்து காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை வெடுக்கென்று உதறி டம்ளர் கீழே விழும். பல் துலக்கும் பிரஷ் பறக்கும். "கவனம் எங்கடா இருக்கு?" என்று திட்டு விழும், அவ்வளவுதான். பல மாதம் கழித்து, தேர்வுக்கு விடிய விடியப் படித்த மறுநாள் காலை பெரிய வலிப்பாக வரும்போதுதான் அந்த உதறலும் வலிப்புதான் என்று தெரியவரும். இந்த வகைக்குத் தூக்கக்கேடும் விடிகாலையும் சேர்ந்தால் ஆகவே ஆகாது. இரவு 12 மணிக்குப் படுத்துவிட்டு 4.30 மணிக்கு ரன்னிங் போவது இவர்களுக்குக் கூடாது. பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள்.

படி 2: டாக்டரிடம் என்ன கேட்பது

"சார், விளையாடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்த்து விளையாடுங்க" என்ற பொதுவான பதில்தான் வரும். தஞ்சை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பாகக் கேளுங்கள். எனக்கு வந்த வலிப்பை வைத்துப் பார்த்தால் கபடி ஆடலாமா, நீந்தலாமா? ஒரு வேளை மாத்திரை தவறினால் நினைவு வந்ததும் போடுவதா, விட்டுவிடுவதா? என் மாத்திரை வெயிலில் ஏதாவது செய்யுமா? அவசரத்துக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே எனக்குத் தேவையா, தேவையென்றால் யார் அடிப்பது?

பள்ளியிலோ கல்லூரியிலோ தடை சொன்னால், எந்தெந்த விளையாட்டை எந்த நிபந்தனையோடு ஆடலாம் என்று எழுதிய சான்றிதழ் வாங்குங்கள். வெறும் "ஃபிட்" சான்றிதழைப் பார்த்து உடற்கல்வி ஆசிரியர் பயப்படுவார். "தரையில் ஆடும் அனைத்தும் ஆடலாம், நீச்சல் கூடாது" என்று இருந்தால் அவருக்கும் தைரியம் வரும்.

படி 3: விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்

சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கூட்டமைப்பின் நிபுணர் குழு 2016-இல் விளையாட்டுகளை மூன்று கூறாகப் பிரித்தது. வலிப்பு வந்தாலும் மற்றவர்களைவிடப் பெரிதாகக் கூடுதல் ஆபத்து இல்லாதவை முதல் கூறு. ஆடுகிறவருக்கு ஓரளவு ஆபத்து, பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை என்பது இரண்டாவது. ஆடுகிறவருக்குப் பெரிய ஆபத்து, சிலவற்றில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து என்பது மூன்றாவது. நம் ஊரில் அது எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

வாலிபால், கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து, ஷட்டில், ஓட்டம் எல்லாம் முதல் கூறு. மல்யுத்தமும் ஜூடோவும்கூட அதில்தான் இருக்கின்றன. கபடி அந்தப் பட்டியலில் இல்லை. என்னைக் கேட்டால் அதை மல்யுத்தத்தோடு சேர்க்கலாம், ஆனால் மண் தரையிலோ மெத்து விரிப்பிலோ ஆடுங்கள், சிமெண்ட் தளத்தில் வேண்டாம். கிரிக்கெட்டில் லெதர் பந்து என்றால் ஹெல்மெட் இல்லாமல் மட்டையைத் தொடாதீர்கள். அது வலிப்பு இல்லாதவருக்கும் பொருந்தும்.

சைக்கிள், நீச்சல், பளு தூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, கராத்தே எல்லாம் இரண்டாம் கூறு. 12 மாதம் வலிப்பே இல்லாமல் இருந்தால் இவற்றில் பலவற்றுக்கு டாக்டர் பச்சைக்கொடி காட்டக்கூடும். குத்துச்சண்டையை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவதுதான் அந்த ஆட்டமே. ஜிம்முக்குப் போகிறவர்கள் மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே கம்பி தூக்குவதைத் தனியாகச் செய்யக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நின்று பிடிக்க வேண்டும். ட்ரெட்மில்லில் சட்டையில் மாட்டும் சிவப்புக் கயிறு எதற்கோ என்று தொங்க விட்டிருப்பார்கள். ஆள் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவது அதுதான். மாட்டிக்கொள்ளுங்கள்.

சிலம்பம் தாராளமாக ஆடலாம். தீப்பந்தச் சிலம்பமும் சுருள்வாளும் வேண்டாம். பொங்கலுக்கு வழுக்குமரம் ஏறுவது, பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பது, பந்தய வண்டி ஓட்டுவது எல்லாம் மூன்றாம் கூறுக்குச் சமம். உயரம், வேகம், ஆழம் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலே ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

படி 4: தண்ணீர்

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர் எழுதிய வழிகாட்டிகளில் நீச்சல் என்றால் நீலநிறக் குளம், கயிறு கட்டிய பாதை, விசிலோடு ஒரு காவலர். நமக்கோ வாய்க்கால், குளம், பம்புசெட் தொட்டி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. திடலைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதோ ஒரு தண்ணீர்.

தண்ணீரில் வலிப்பு வந்தவர் கத்த மாட்டார், கையை ஆட்ட மாட்டார். சத்தமில்லாமல் அப்படியே உள்ளே போய்விடுவார். மேட்டூரில் வழக்கமான தேதியான ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்தால் சில நாளில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும். அந்தப் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வரும். இரண்டடி ஆழத்தில் கிடக்கும் ஆளைக் கரையில் நிற்பவரால் பார்க்க முடியாது. கல்லணைக் கால்வாயில் சிமெண்ட் சரிவு போட்ட இடங்களில் பிடித்து ஏறப் பிடிமானமும் இல்லை. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது.

எனவே வலிப்பு கட்டுக்குள் இல்லாதவருக்கு ஓடும் தண்ணீர் முற்றிலும் கூடாது. ஆடிப்பெருக்குக்குப் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள், காவிரி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஓராண்டுக்கு மேல் வலிப்பு இல்லை, டாக்டரும் சரி சொன்னார் என்றால் தெளிந்த தண்ணீர் உள்ள நீச்சல் குளத்துக்குப் போகலாம். அங்கேயும் உங்களைக் கைநீட்டித் தொடும் தூரத்தில் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே வர வேண்டும். அவருக்கு நன்றாக நீந்தத் தெரிய வேண்டும், உங்களுக்கு வலிப்பு உண்டு என்பதும் தெரிய வேண்டும். கரையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் மாமா கணக்கில் சேர மாட்டார். நெஞ்சுக்கு மேல் ஆழம் வேண்டாம், முங்கிப் பிடிக்கும் விளையாட்டும் வேண்டாம்.

விளையாடி முடித்ததும் வேர்வையோடு பம்புசெட்டுக்கு ஓடுவது நம் பக்கத்தில் ஆட்டத்தின் ஒரு பகுதி. தொட்டி இடுப்பளவுதான் இருக்கும், ஆனால் வலிப்பில் கிடப்பவருக்கு ஒரு சாண் தண்ணீரே போதும். தொட்டிக்குள் இறங்காமல், தண்ணீர் வாய்க்காலுக்கு விழும் இடத்துக்கு வெளியே நின்று மக்கில் ஊற்றிக் குளியுங்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகு தனியாக நிற்காதீர்கள். வீட்டிலும் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், பந்து வாய்க்காலில் விழுந்தால் எடுக்கப் போவது யார்? இதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் திடலுக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால், பந்து நாலு முறையாவது அதில் விழும். எடுக்க ஓடுவது எப்போதும் கடைசியாகச் சேர்ந்த சின்னப் பையன். அவனுக்குத்தான் ஃபிட்ஸ் என்றால்? எங்கள் அணியில் எனக்கு அந்த வேலை கிடையாது, பதிலுக்கு வலை கட்டுவது என் பொறுப்பு. கிரிக்கெட்டிலும் வாய்க்கால் பக்கத்து எல்லைக்கோட்டில் நிற்காதீர்கள்.

ஜனவரி 28-ஐ ஒட்டி மேட்டூரை மூடியபின் ஆறு காய்ந்துவிடும், கோடை முழுக்க ஆற்று மணலில் கிரிக்கெட் நடக்கும். விழுந்தாலும் மெத்தென்றிருக்கும் அந்த மணலில் ஆடுவதை நான் ஆதரிக்கிறேன். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மின்னொளி ஆட்டமும் தூக்கமும்

பொங்கலிலிருந்து வைகாசித் திருவிழா வரை சுவரெங்கும் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" சுவரொட்டி. மாலை 6 மணிக்குப் பெயர் கொடுத்து, சீட்டுக் குலுக்கி, தலைவர் வந்து தொடங்கி வைத்து, முதல் விசில் ஊதவே 10 மணியாகும். உங்கள் அணிக்கு இரண்டாம் சுற்று நள்ளிரவு 2 மணிக்கு. இறுதி ஆட்டம் முடியும்போது டீக்கடையில் பாய்லர் போட்டிருப்பார்கள். வலிப்பு உள்ளவருக்கு இதில் ஆபத்து கபடியில் இல்லை, அந்த விழித்திருத்தலில்தான். கூடவே 9 மணி மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும்.

போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. போவதென்றால் இப்படிப் போங்கள். முந்தின இரண்டு இரவும் முழுத்தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரமாவது படுங்கள். இரவு மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், போனில் அலாரம் வைத்து, வழக்கமான நேரத்துக்கே போடுங்கள். கேப்டன் மூலம் விழாக்குழுவிடம் முதல் சுற்றுகளில் ஆட்டம் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். நள்ளிரவைத் தாண்டினால் மாற்று ஆட்டக்காரரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். காலையில் தூக்க மாத்திரையோ கூடுதல் வலிப்பு மாத்திரையோ போட்டு ஈடுகட்ட முடியாது. எனர்ஜி டிரிங்க் குடித்து விழித்திருப்பது இன்னும் மோசம்.

மின்விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. நிலையாக எரியும் விளக்கால் ஒன்றும் ஆகாது. வலிப்பு உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்குத்தான் மின்னி மின்னி எரியும் வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். இ.இ.ஜி. எடுத்தபோது கண்ணெதிரே விளக்கை மின்ன வைத்தார்களே, அதில் உங்களுக்கு எப்படி என்று டாக்டருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் என்றால் பரிசளிப்பின்போது போடும் டி.ஜே. விளக்கு வந்ததும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு திரும்பி நடந்துவிடுங்கள். இரண்டு கண்ணையும் இமையால் மூடிக்கொள்வதைவிட அது பலன் தரும்.

ஜெயித்த இரவு சரக்கு வரும், தோற்ற இரவும் வரும். குடித்த நேரத்தைவிட, போதை இறங்கும் மறுநாள் காலைதான் வலிப்புக்குத் தோதானது. தூக்கமும் கெட்டிருக்கும், மாத்திரையும் தவறியிருக்கும். மூன்றும் சேர்ந்து வந்து நிற்கும்.

திரும்பும்போது பைக்கை நீங்கள் ஓட்டாதீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-லேயே வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தப்புமா என்ற கேள்வி இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வாருங்கள், அப்போதும் ஹெல்மெட் போடுங்கள்.

படி 6: வெயில், உப்பு, மாத்திரை

கத்திரி வெயிலில் 11 மணியிலிருந்து 4 மணி வரை திடலுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. டோபிரமேட், சோனிசமைட் என்ற வலிப்பு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் சிலருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வேர்வையைக் குறைத்துவிடும். எல்லோரும் நனைந்து நிற்க, ஒரு பையன் மட்டும் முகம் சிவந்து, தோல் காய்ந்து, தொட்டால் சுடுகிறான் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போடுங்கள், தெளிவாக இருந்தால் குடிக்கக் கொடுங்கள். குழம்பிப் பேசினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். இவை ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். வேர்வையில் உப்பு போக, மேலே மேலே வெறும் தண்ணீராகக் குடித்தால் சோடியம் இன்னும் இறங்கும், அதுவே வலிப்பைக் கொண்டுவரும். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். ஆகியவை நல்லது. ஃபெனிடாயின், கார்பமாசெபைன் அளவு கூடும்போது பந்து இரண்டாகத் தெரியும், கால் தள்ளாடும். அளவு மாற்றிய புதிதில் ஆடாமல் இருந்து பாருங்கள். வால்ப்ரோயேட் எடையைக் கூட்டும், அதற்கு விளையாட்டே மருந்து. ஃபெனிடாயின் போன்ற சிலவற்றைப் பல ஆண்டு சாப்பிட்டால் எலும்பு வலுவிழக்கலாம் என்பதால் வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடிபட்டால் மருந்துக்கடையில் "வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பது நம் பழக்கம். ட்ராமடால் கலந்த மாத்திரை வலிப்பு உள்ளவருக்கு ஆகாது, அது வலிப்பைத் தூண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே. கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக "எனக்கு ஃபிட்ஸ் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் மருந்து கேளுங்கள்.

மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர்கள் ஊக்கமருந்துச் சோதனையை நினைத்துக் கவலைப்படுவார்கள். வழக்கமான வலிப்பு மாத்திரைகள் தடைப் பட்டியலில் இல்லை. அசெட்டசோலமைட் மட்டும் சிறுநீர் பெருக்கி என்பதால் தடை உண்டு, அதற்கு முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்க வேண்டும்.

படி 7: அணியிடம் சொல்லுங்கள்

இது மாத்திரை விழுங்குவதைவிடக் கஷ்டம். எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேப்டன், பயிற்சியாளர், கூடவே வரும் ஒரு நண்பன் என்று மூன்று பேர் போதும். வளைத்துப் பேசாமல் இப்படிச் சொல்லலாம்:

"அண்ணே, எனக்கு ஃபிட்ஸ் இருக்கு. மாத்திரை சாப்புடுறேன், கட்டுப்பாட்டுல இருக்கு. வந்தா ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும், கையில சாவி எல்லாம் குடுக்க வேணாம். அஞ்சு நிமிஷம் தாண்டுச்சுன்னா 108-க்கு அடிங்க. மாத்திரைச் சீட்டு என் பையில முன் ஜிப்புல இருக்கு."

"இதுக்குத்தான் இவ்ளோ நாளு மூஞ்சிய தூக்கி வச்சுருந்தியா தம்பி? சரி, வலையைக் கட்டு" என்றுதான் பல அண்ணன்மார் சொல்வார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் வீடே வாயை மூடச் சொல்லும். வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்ற பயம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகச் சொன்ன பகுதியை 1999-இலேயே எடுத்துவிட்டார்கள், ஊர் வாய்தான் இன்னும் திருந்தவில்லை. பெண்ணின் பயிற்சியாளருக்கும் ஒரு தோழிக்குமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழுத்தில் சங்கிலி, கருங்காலி மாலை எல்லாம் கழற்றி வையுங்கள். போனின் பூட்டுத் திரையில் அவசர எண்ணும் மருந்தின் பெயரும் இருக்கட்டும்.

படி 8: திடலில் வலிப்பு வந்தால்

இதை அணியில் உள்ளவர்கள் படிக்க வேண்டும். யாராவது ஒருவர் போனில் நேரம் பார்க்கத் தொடங்குங்கள், அதுதான் முதல் வேலை. பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். பக்கத்தில் கல், மட்டை, வலைக்கம்பம் இருந்தால் அகற்றுங்கள் அல்லது ஆளை நகர்த்துங்கள். தலைக்கடியில் ஒரு ஜெர்சியை மடித்து வையுங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்தில் இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடியும். உதறல் அதிகமாக இருந்து முடியவில்லை என்றால் அது குறைந்ததும் திருப்புங்கள்.

கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் துணி, ஸ்பூன், விரல், தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட மாட்டார்கள். சாவிக்கொத்தும் இரும்புக் கம்பியும் கொடுப்பார்கள், செருப்பை முகரக் கொடுப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும், பெருமை சாவிக்குப் போய்விடும். சாவியோடு வரும் பெரியவரைத் திட்டாமல், "ஐயா, கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கிவிடுங்க" என்று வேலை கொடுங்கள். மனிதர் மகிழ்ச்சியோடு செய்வார்.

எல்லா வலிப்பும் உதறலாக வராது. வாலிபாலில் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்து நிற்பார், சட்டைப் பொத்தானைத் திருகுவார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பிறகு எங்கோ நடக்கத் தொடங்குவார். அதுவும் வலிப்புதான். இழுத்துப் பிடித்தால் முரண்டு பிடிப்பார். பக்கத்திலேயே நடந்து, வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் குறுக்கே நின்று, மெதுவாகத் திசை திருப்புங்கள்.

108-ஐ எப்போது அழைப்பது? ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பும் முன் இன்னொன்று வந்தால், தலையில் பலமாக அடிபட்டால், மூச்சு சீராகாவிட்டால், இதுவே வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றால், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றால். டாக்டர் மூக்கு ஸ்ப்ரே கொடுத்திருந்தால் அவர் சொன்ன நேரத்தில் அடியுங்கள். ஊர்ப் பெயரோடு "மாரியம்மன் கோயில் திடல், ஆற்றுப்பாலம் தாண்டி இடது கை" என்று அடையாளம் சொல்லி, ஒருவரை மெயின்ரோட்டுக்கு அனுப்பி நிறுத்துங்கள்.

தண்ணீரில் வந்தால் பின்னாலிருந்து பிடித்து முகத்தை மேலே தூக்கி வைத்து, முடிந்த வேகத்தில் கரைக்குக் கொண்டுவாருங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதோடு நெஞ்சையும் அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல மாப்ளே" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும்.

வலிப்பு நின்றதும் சிலர் தூங்குவார்கள், சிலர் உளறுவார்கள், சிறுநீர் போயிருக்கலாம். ஒரு லுங்கியால் மூடிவிட்டு, போட்டோ எடுப்பவரை விரட்டிவிட்டு, முழுத்தெளிவு வரும்வரை கூடவே இருங்கள். தெளியும் முன்பு குடிக்கக் கொடுக்க வேண்டாம். தோளைத் தூக்கவே முடியவில்லை என்றால் மூட்டு விலகியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள்.

படி 9: திரும்ப ஆடத் தொடங்குவது

வந்த அன்று மறுபடி இறங்கக் கூடாது, இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. மாத்திரை தவறியதாலோ தூக்கம் கெட்டதாலோ வந்தது என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். காரணமே இல்லாமல் வந்திருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகுதான் திடல்.

புதிதாகத் தொடங்குகிறவரும், இடைவெளி விட்டுத் திரும்புகிறவரும் முதல் வாரம் மாலையில் அரைமணி நேரம் வேக நடை, கூட ஒரு ஆள். இரண்டாம் வாரம் மெல்லோட்டம், பந்து தட்டிப் பழகுதல். மூன்றாம் வாரம் பாதி ஆட்டம், நாலாம் வாரம் முழு ஆட்டம். இந்த ஒரு மாதமும் நோட்டில் ஆடிய நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். வலிப்பு கூடியிருந்தால் அந்த நாட்களில் தூக்கமும் மாத்திரையும் எப்படி இருந்தன என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆட்டத்தைச் சந்தேகப்படுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு மாத மாத்திரையாக எழுதித் தரக் கேட்டுப் பாருங்கள். மாத்திரை தீர்ந்துபோவதும் மழையில் பஸ் இல்லாமல் போவதும் ஐப்பசியில் ஒரே நாளில்தான் நடக்கும்.